தலையணை உறை

ஒரு மணிக்கு வாடகைக் கார் வாசலுக்கு வந்துவிடும். நான்கரை மணிக்கு விமானம். பத்தேகாலுக்குச் சிஸ்டர் தன் கைப்பையை மூன்றாம் முறையாகக் கட்டிலின் மேல் கவிழ்த்தாள். கண்ணாடிக் கூடு, மாத்திரை டப்பா, ஊசிநூல், மகளின் ஸ்கேன் அறிக்கையின் நகல் எல்லாம் விழுந்தன. பாஸ்போர்ட்டுகள் இருந்த துணிப்பை மட்டும் விழவில்லை.

அவள் முப்பத்தொரு வருடம் பிரசவ வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்று நான்கு வருடங்கள் ஆன பின்னும் கணவர் அவளைச் சிஸ்டர் என்றே கூப்பிட்டார். கேலியாகத் தொடங்கியது, பெயராகவே நின்றுவிட்டது. வார்டில் அவள் கண்ணில் பட்ட விரிப்புச் சுருக்கம் எதுவும் அடுத்த நிமிடம் இருந்ததில்லை. இந்தப் பயணத்தையும் அப்படித்தான் திட்டமிட்டிருந்தாள். நாற்பத்தொரு நாட்கள், ஆறு ஊர்கள், கடைசியில் தமிழ் புழங்கும் இந்த வெளிநாட்டு நகரத்தில் மூன்று நாள் தங்கல். மகளின் பிரசவத் தேதிக்கு ஒன்பது நாள் முன்னதாக வீடு. நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதி வைத்த கணக்கு அது.

குழந்தை அந்த நோட்டைப் பார்க்கவில்லை. வயிற்றில் நீர் குறைந்துவிட்டது, ஞாயிறு மாலையே அறுவை என்று நேற்றுக் காலை மருமகன் தொலைபேசியில் சொன்னான். ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போன வயிறு அது. மகள் தொலைபேசியை வாங்கி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "என்னைய உள்ள கொண்டு போறப்ப நீ வெளியில நிக்கணும்மா." இன்றைய விமானத்தை விட்டால் அடுத்தது இரண்டு நாள் கழித்துத்தான்.

கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். நகரப் பேருந்து ஓட்டியவர். கிளம்பும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே இருக்கையில் அமர்ந்துவிடும் பழக்கம் அவருக்கு.

"என்னங்க, நேத்து ரூம் மாத்துறப்ப பாஸ்போர்ட் பையை எடுத்துக்கச் சொன்னேன்ல?"

"நீ ஒண்ணும் சொல்லல சிஸ்டர். ஃபோனை வெச்சுட்டு அழுதுட்டு இருந்தே."

"நான் அழல."

"சரி, அழல. ஆனா சொல்லவும் இல்ல."

அவள் அவருடைய பெட்டியைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினாள். அவர் தடுக்கவில்லை, பேருந்தில் பயணி திட்டினால் எப்படிச் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பாரோ அப்படிச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் இரவு அவர்கள் பன்னிரண்டாம் எண் அறையில் இருந்தார்கள். குளியலறைக் குழாய் ஒழுகியதால் நேற்றுக் காலை இந்த அறைக்கு மாற்றினார்கள். நேற்று முழுவதும் மருத்துவமனையோடு பேசியே போயிற்று. பை எங்கே என்று ஒரு முறைகூட நினைக்கவில்லை. அவர் வைத்திருப்பார் என்று அவளும், அவள் வைத்திருப்பாள் என்று அவரும் இருந்துவிட்டார்கள்.

இருவரும் கீழே இறங்கிப் போனார்கள். விடுதி மேலாளர் பதறாமல் பேசினார். முதலில் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், பிறகு தூதரகமாம். அதுவும் இன்று சனிக்கிழமை என்பதால் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்களாம். மேசைக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தில் பத்து ஐம்பது ஆகியிருந்தது.

பன்னிரண்டாம் எண் அறையைப் பெருக்கியவர் யார் என்று சிஸ்டர் கேட்டாள். கேட்ட குரலிலேயே குற்றப்பத்திரிகை இருந்தது. மேலாளர் மணியடித்தார். இளநீலச் சட்டை போட்ட, ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், கையில் வாளியோடு வந்து நின்றாள்.

"பன்னெண்டாம் நம்பர்ல நான் எதுவும் பாக்கல சார். அங்க எனக்கு வேலையே இல்ல. படுக்கையெல்லாம் உருவி, மடிச்சு, ஓரம் சேத்து அடுக்கி வெச்சிருந்துச்சு."

உருவி மடித்தவள் சிஸ்டரேதான். விடுதியோ உறவினர் வீடோ, எந்த அறையை விட்டுப் புறப்பட்டாலும் படுக்கையை உருவி, மூலைக்கு மூலை பொருத்தி மடித்து வைத்துவிட்டுத்தான் அவள் வெளியேறுவாள். நேற்று மகளின் குரல் காதில் இருக்க, கைகள் பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டன. எந்த ஊரிலும் படுக்கப் போகும்போது அந்தத் துணிப்பையைத் தன் தலையணை உறையின் உள்மடிப்பில் செருகி வைப்பதும் அவள் பழக்கம்தான். அந்த உறையையும் சேர்த்தல்லவா நாலாக மடித்திருக்கிறாள்!

"என்னங்க," என்றாள். அதற்கு மேல் சொல்ல முப்பத்தொரு வருட அதிகாரம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் சொன்னாள். "நீங்க இல்ல. நான்தான். தலையணை உறைக்குள்ள வெச்சு மடிச்சுட்டேன்."

அவர் மேசை மேல் இருந்த தொலைபேசியை மேலாளர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

துணிகள் நேற்று மதியமே சலவைக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தன. மேலாளர் அங்கே பேசினார். அவர்கள் தேடிவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிடுவதற்குள் முப்பத்தைந்து நிமிடங்கள் கரைந்தன. பை எதுவும் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, இரண்டாம் மாடியிலிருந்து வந்த கணக்கில் ஒரு படுக்கைத் துணி செட்டே குறைகிறது என்று அவர்கள் சண்டை பிடித்தார்கள்.

மேலாளர் முகம் கறுத்துப் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார். சிஸ்டர் மாடிப்படியில் ஏறினாள். பாதிப் படியில் வாளிக்காரி பின்னால் வந்து அவள் முழங்கையைத் தொட்டாள்.

"அம்மா, மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க. அந்தத் துணி சலவைக்குப் போகல."

"எங்க போச்சு?"

"நீங்க மடிச்சிருந்த மடிப்பப் பாத்து, துவைச்சு வந்ததாக்கும்னு நெனச்சு அலமாரியில வெச்சுட்டேன். எங்க சலவைக்காரங்ககூட அப்படி மடிக்க மாட்டாங்க. மத்தியானம் பதினேழாம் நம்பருக்கு விரிச்சதும் அதுதான்."

வார்டில் அழுக்குத் துணியை அலமாரியில் வைத்த பணியாளைச் சிஸ்டர் ஒரு நாளும் விட்டதில்லை. எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறாள். இப்போது அந்தப் பெண் கீழே மேலாளரின் மேசைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டாள். "நான் ஏன் சொல்லப் போறேன்? சாவியை எடுங்க," என்றாள்.

பதினேழாம் எண்ணின் கதவுக் கைப்பிடியில் தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டை தொங்கியது. சாவி போட அந்தப் பெண் தயங்கினாள். சிஸ்டர் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள், பிரசவ வார்டின் கதவை நள்ளிரவிலும் திறக்க வைத்த தட்டல் அது. உள்ளே கட்டில் முனகியது. மூக்குக் கண்ணாடிச் சட்டங்கள் விற்க ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர் ஒருவர், கழுத்தைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"மன்னிக்கணும் சார். உங்க தலையணையை ஒரு தடவை பாக்கணும்."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன். உள்ள என்னம்மா வெச்சிருக்கீங்க, பலகையா? ராத்திரியெல்லாம் கழுத்தத் திருப்ப முடியல."

சிஸ்டர் உறையின் உள்மடிப்பில் கையை விட்டாள். விரல் துணிப்பையின் நாடாவில் பட்டது. பாஸ்போர்ட்டுகளை எடுத்து, முதலில் தன் பெயரையும் பிறகு கணவர் பெயரையும் எழுத்தெழுத்தாகப் படித்த பின்னரே அவளுக்கு மூச்சு வந்தது. விற்பனையாளரிடம் வார்டு வழக்கப்படி தலையணையின் உயரம், படுக்கும் முறை ஆகியவற்றைப் பற்றி இரண்டு அறிவுரைகள் சொன்னாள். அந்த உறையில் முன்பு படுத்திருந்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

அறைக்குத் திரும்பியபோது பன்னிரண்டு அடித்துப் பதினைந்து நிமிடம். கணவர் பெட்டிகளை வாசலருகே வரிசையாக நிறுத்தியிருந்தார். பையைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

புறப்படும்போது அவள் கை தானாகப் போர்வையின் நுனியைப் பிடித்தது. அவர் வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன சிஸ்டர், மடிக்கலியா?"

அவள் போர்வையையும் விரிப்பையும் உருவினாள். இரண்டு தலையணை உறைகளையும் உள்மடிப்பு வெளியே வரும்படி புரட்டினாள். எல்லாவற்றையும் கசக்கிச் சுருட்டிக் கட்டில் நடுவில் குவியலாகப் போட்டாள். யார் பார்த்தாலும் அழுக்குத் துணி என்று தெரிய வேண்டும். குவியலைப் பார்க்க அவளுக்குப் பல் கூசியது. பார்க்காமல் கதவைச் சாத்தினாள்.

காரில் அவள் துணிப்பையை இரு கைகளாலும் மடியில் பிடித்துக்கொண்டாள். முதல் சிக்னலிலேயே கார் நின்றது. கணவர் முன் இருக்கையின் முதுகுக்கு மேல் எட்டி, ஓட்டுநரிடம் இடது தடம் காலியாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

கைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. மகள்.

"அம்மா, எங்கம்மா இருக்கே?"

"வழியில," என்றாள் சிஸ்டர். சிக்னல் இன்னும் சிவப்பாகவே இருந்தது.