தூக்கத்துக்குத் தெரியாத தாழ்ப்பாள்

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். தூங்கிக்கொண்டே நடக்கிறவனை என்ன செய்வதென்று மட்டும் எந்தப் புண்ணியவானும் சொல்லிவைக்கவில்லை. ரொட்டிக்காரரின் மனைவிக்கு வாய்த்த தலைவலி அதுதான்.

ராத்திரி முழுக்க பேக்கரியில் வெந்துவிட்டு, ஊர் விழிக்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்து படுக்கிற மனுஷர் அவர். கல்யாணமான நாள் முதல் அடித்துப்போட்ட மாதிரிதான் தூங்கினார். அவள் தன் நாத்தனாரின் இரும்புப் பட்டறையில் வேலை பழகப் போன பிறகுதான் இந்தக் கூத்து. பட்டப்பகலில், கண்ணைத் திறந்தபடியே, பனியனோடு எழுந்து தெருவில் நடந்துவிடுவார். போன வாரம் பெரிய சாலையின் நடுவில் போய் நின்றுவிட்டார். மூக்குக்கு முன்னால் லாரி கிறீச்சிட்டு நின்றது. அதற்கும் விழிக்கவில்லை. "தள்ளிப் போப்பா" என்று லாரியிடமே சொன்னாராம்! தெருவே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ வீட்டுல இருந்த வரைக்கும் அவர் நல்லாத்தானே தூங்கினாரு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அது அவளுக்கும் தெரியாதா? சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வீட்டோடு கிடந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் நாற்பதை நெருங்கும் வயதில், முதன்முதலாக மனசுக்குப் பிடித்த வேலை கிடைத்திருக்கிறது. அதை எப்படி விடுவது?

வெளியே பூட்டிவிட்டுப் போக மனசு வரவில்லை. மனுஷர் என்ன ஆடா, மாடா? படுக்குமுன் அவரே உள்ளே தாழ் போட்டுக்கொள்ளட்டும் என்று கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினாள். தூங்குகிற கை அதைத் தூக்கி, இழுத்து, திறந்துவிட்டது. கொக்கி மாட்டினாள். மறுபடியும் பழைய குருடி, கதவைத் திறடி!

"கொல்லன் தெருவுல ஊசி விக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கேன். பட்டறையில நின்னுக்கிட்டு கடையில தாழ்ப்பாள் வாங்குறதை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் நாத்தனார். "நீங்களே ஒண்ணு அடிங்க அண்ணி. கெட்டியா."

அதுவரை அவள் அடித்ததெல்லாம் ஆணி, கொக்கி, ஒரு கரண்டிக் காம்பு. கம்பியை உலையில் செருகிவிட்டுக் காத்திருந்தாள். இரும்பு சூடேறுவதைப் பார்க்க ஆரம்பித்தால் அவளுக்கு வேறெதுவும் கண்ணில் படாது. முதலில் கறுப்புக்குள் ஒரு சந்தேகம் மாதிரி சிவப்பு. பிறகு பழுத்த தக்காளி. பிறகு ஆரஞ்சுச் சுளை. காற்றூதியின் சத்தம் யாரோ பக்கத்தில் படுத்து மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கியது. பட்டறையின் சுவர்கள் தள்ளித் தள்ளிப் போயின. அந்த வெளிச்சத்துக்குள்ளே ஒரு தெரு இருப்பதாகவும், அதில் தான் செருப்பில்லாமல் நடப்பதாகவும், கால் சுடவேயில்லை என்றும் அவளுக்குத் தோன்றியது.

"அண்ணி! கனவு காண்றது அண்ணன் வேலை! எடுங்க, எடுங்க, பொறி பறக்குது!"

திடுக்கிட்டு இடுக்கியால் உருவி, பட்டறைக்கல்லின் விளிம்பில் வைத்துச் சூட்டோடு சூடாக வளைத்தாள். பிடி தவறான பக்கம் வளைந்துவிட்டது. அவசரத்தில் அடித்த வளையமும் கோணல். ஊரிலிருக்கும் தாழ்ப்பாளையெல்லாம் மேலே தூக்கி இழுக்க வேண்டும். இதையோ கீழே அழுத்தி, அழுத்திய கையை எடுக்காமல் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டியிருந்தது.

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தலைகீழா நிக்கிறவங்களுக்கு அடிச்சீங்களா? குடுங்க, காய்ச்சி நிமித்திடலாம்."

"வேணாம், இரு. உங்க அண்ணன் கைக்கு இது தெரியாதுல்ல?"

மறுநாள் அவள் பட்டறைக்குப் போகவில்லை. கதவில் தாழ்ப்பாளை அடித்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இந்தத் தாழ்ப்பாள் தாங்கினால் அவள் கொல்லச்சி. தாங்காவிட்டால் மறுபடி வெறும் வீட்டுக்காரி.

"சொந்த ரூம்ல படுக்க பரீட்சை எழுதணும் போலிருக்கே" என்று முனகியபடி, இரண்டு முறை தப்பாகத் தள்ளி, ஒருவழியாகத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தார் ரொட்டிக்காரர். தலைமுடியில் இன்னும் மாவு இருந்தது. ஜன்னல் வெயில் தரையில் மெல்ல ஊர்ந்து அவள் மடிக்கு வந்தபோது அவர் எழுந்தார்.

கை தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்தது. தூக்கியது. இழுத்தது. அசையவில்லை. மறுபடி தூக்கியது. ஊஹூம்! அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் கதவிடம் பணிவாகப் பேசினார். "கொஞ்சம் வழி விடுங்க. பட்டறை வரைக்கும்தான். அவ என்ன செய்யறான்னு பாத்துட்டு வந்துடறேன்." கதவு பதில் சொல்லாததால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள வரமாட்டேங்க. வாசல்லயே நின்னுக்கறேன்."

விழித்திருக்கும்போது பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை இந்த மனுஷர். பட்டறையோ பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. ச்சே, என்ன பெண் நான், இவரைப் போய் அடைத்துவைக்கப் பார்த்தேனே என்று இருந்தது.

எழுந்து தாழை அழுத்தித் தள்ளினாள். அவர் கையைப் பிடித்தாள். அது வெதுவெதுப்பாக, மாவு மாதிரி மெத்தென்று இருந்தது. இருவரும் தெருவில் இறங்கினார்கள். எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். பெரிய சாலையில் லாரிகள் போய் முடிகிறவரை அவள் நின்றாள், அவரும் நின்றார். வெயிலில் சாலை தண்ணீராய் மினுங்கியது. இரண்டு பேரும் அதற்குள் இறங்கிக் கரையேறினார்கள்.

பட்டறையில் நாத்தனார் வாயைப் பிளந்தாள். "உஷ்" என்று அவளுக்கு ஜாடை காட்டிவிட்டு, கணவரைச் சாக்குக் குவியலில் உட்காரவைத்தாள். உலையில் இருந்த கம்பியை உருவிக் கல்லில் வைத்தாள். சுத்தியலை ஓங்கினாள். இந்தச் சத்தத்தில் விழித்துவிட்டால்?

அடித்தாள். அவர் கண்கள் மூடின. இன்னும் அடித்தாள். தலை சாய்ந்தது. கால்கள் நீண்டன. அடிக்கு அடி நடுவே குறட்டை கேட்டது, எத்தனையோ நாளாக வீட்டில் கேட்காத குறட்டை.

"பாவம் அண்ணி, தூங்கட்டும். நிறுத்துங்க" என்று கிசுகிசுத்தாள் நாத்தனார்.

"நிறுத்தினா முழிச்சுக்குவார்டி" என்று சொல்லிவிட்டு, அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.