புள்ளி வைத்த திருகுகள்

லிஃப்ட் பழுது பார்க்கும் அக்காவுக்கு உலகத்தில் இரண்டு பேர் மேல் நம்பிக்கை கிடையாது. ஒருவர், "எல்லாம் சரியா இருக்கு, கவலைப்படாதீங்க" என்று சொல்லும் கட்டட மேலாளர். இன்னொருவர் அவளேதான். தன் ஞாபகத்தின் மேல் அவளுக்கு அத்தனை சந்தேகம். அதனால் அவள் கருவிப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு நகப்பூச்சுக் குப்பி கிடக்கும். ஒரு திருகை இறுக்கி முடித்ததும் அதன் தலையில் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி இருந்தால் இறுக்கியாயிற்று, அவ்வளவுதான் கணக்கு. கூட வேலை பார்ப்பவர்கள் 'புள்ளியக்கா' என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். பதினேழு வருஷத்தில் அவள் கை பட்ட ஒரு லிஃப்டும் யாரையும் கீழே போட்டதில்லை.

தம்பிக்கு அச்சகத்தில் வேலை. அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினெட்டு. அன்றிலிருந்து இன்றுவரை அக்கா செய்த எதையும் அவன் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் போட்ட முடிச்சை இழுத்துப் பார்க்க மாட்டான், பூட்டிய கதவை ஆட்டிப் பார்க்க மாட்டான். "அக்கா பாத்திருப்பா" என்று போய்க்கொண்டே இருப்பான். முப்பத்திரண்டு வயதுத் தடியனுக்கு இது நல்லதா என்று கேட்டால், நல்லதில்லைதான். ஆனால் அந்த நம்பிக்கை அவளுக்கு உள்ளூரப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

அவனிடம் ஒரு பழைய மலை சைக்கிள் இருந்தது. இருபத்தொரு கியர், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும், ஸ்பிரிங் வைத்த ஃபோர்க். ஸ்பிரிங் எப்போதோ செத்துவிட்டது. எண்ணெய் கசிந்து தரையெல்லாம் பிசுபிசுப்பு. கியரை மாற்றினால் சங்கிலி கழன்று தொங்கும். தினமும் கறுத்த கையோடு வீட்டுக்கு வருவான்.

"இருபத்தொரு கியர் வச்சுக்கிட்டு நீ ஓட்டுறது ஒண்ணுலதானே? மிச்சம் இருபதும் என்ன, அழகுக்கா?" என்றாள் அக்கா.

"கழட்டிடேன்."

"ஸ்பிரிங்கையும் சேத்துக் கழட்டுறேன். உள்ள எதுவும் ஆடாத ஃபோர்க்கு ஒண்ணு போட்டுடலாம். ரிப்பேர் ஆக எதுவுமே இல்லாட்டி எப்படி ரிப்பேர் ஆகும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தாள். கியர் மாற்றும் கைப்பிடிகள், கம்பிகள், பின்னால் தொங்கிய அந்த வளைந்த இரும்பு, எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பின் சக்கரத்தில் ஒரே ஒரு பல்சக்கரம் மட்டும் வைத்து, அது நகராமல் இருக்க இருபுறமும் வளையங்கள் கோத்தாள். சங்கிலியில் பத்துப் பன்னிரண்டு கண்ணிகளைக் குறைத்து, அது தொய்யாமல் இருக்க ஒரு சின்ன உருளை மாட்டினாள். கடைசியாக அந்தச் செத்த ஃபோர்க்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பிரிங் இல்லாத இரும்பு ஃபோர்க்கை ஏற்றினாள். எல்லாத் திருகிலும் சிவப்புப் புள்ளி. மூன்று மணிக்கு சைக்கிள் பாதி எடையில் நின்றது.

தம்பி தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். "சூப்பர் அக்கா. ஆனா முன்பக்கம் குனிஞ்சாப்ல இருக்கு. முதுகு முறியுது."

அது உண்மை. புது ஃபோர்க் கொஞ்சம் குட்டை. அக்கா ஹேண்டிலைக் கழற்றி, அடியில் இரண்டு வளையம் கூடுதலாகப் போட்டு உயர்த்தி வைத்தாள். உச்சியில் இருக்கும் திருகை இறுக்கினாள். அந்த உச்சித் திருகு ஒரு ஏமாற்றுப் பேர்வழி. இறுக்கினால் எல்லாம் கெட்டியாக நிற்பதுபோல் இருக்கும். உண்மையில் அது மேலிருந்து அழுத்தும், அவ்வளவே. ஹேண்டிலையும் சக்கரத்தையும் ஒன்றாகப் பிடித்து வைப்பது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு திருகுகள்தான்.

அப்போது போன் அடித்தது. நான்கு தெரு தள்ளி ஒரு லிஃப்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது மணி ஏழு. சைக்கிள் கதவோரம் சாய்ந்து நின்றது. எல்லாப் புள்ளியும் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தாள். இருந்தன. சாப்பிட்டுப் படுத்தாள்.

திங்கட்கிழமை காலை தம்பி ஏழரைக்குக் கிளம்பினான். அக்கா காபியோடு உட்கார்ந்து, நேற்றைய வேலைக்கு அலுவலகப் படிவம் எழுதினாள். அழைப்பு வந்த நேரம் என்று ஒரு கட்டம். எப்போது வந்தது? யோசித்தாள். உச்சித் திருகை இறுக்கிக்கொண்டிருந்தேன், அப்போதுதான் அடித்தது. இறுக்கி முடித்தேன். எழுந்தேன். ஓடினேன்.

பேனா நின்றுவிட்டது.

பக்கத் திருகுகள்? அவற்றைத் தளர்த்தாமல் ஹேண்டிலைக் கழற்றவே முடியாது. தளர்த்தியது அவள்தான். மறுபடி இறுக்கியதாக ஞாபகம் இல்லை. ஆனால் புள்ளி இருந்ததே! இருக்காதா பின்னே? காலையில் வைத்த புள்ளி. திருகைத் தளர்த்தினால் புள்ளி எங்கே ஓடும்?

காபி டம்ளர் எப்போது கவிழ்ந்தது என்றே அவளுக்குத் தெரியாது.

போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. இரண்டாவது முறை, மூன்றாவது முறை. ஓட்டும்போது எடுக்க மாட்டான். எடுக்கக் கூடாது என்று திட்டித் திட்டிப் பழக்கியதே இவள்தான். மணி ஏழு நாற்பத்தைந்து. வீடு மேட்டின் உச்சியில். அங்கிருந்து ரோடு நான்கு வளைவாக இறங்கி, பெரிய சாலையில் போய் முட்டும். சைக்கிளில் இறங்க ஐந்து நிமிஷம் போதும்.

அப்படியானால் முடிந்துவிட்டது. ஹேண்டில் திரும்பியிருக்கும், சக்கரம் திரும்பியிருக்காது. எது நடந்திருந்தாலும் அது நடந்து பத்து நிமிஷம் ஆகிறது. தான் இங்கே காபி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தபோது!

திருகு இறுக்கும் எல் வடிவச் சாவியை எடுத்தாள். எதற்கு எடுத்தாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. செருப்பில்லாமல் மூன்று மாடி இறங்கி, ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "கடவுளே, கடவுளே" என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

முதல் வளைவில் யாரும் இல்லை. சுவரைப் பார்த்தாள், புதுக் கீறல் இல்லை. இரண்டாவது வளைவில் கூட்டம்.

பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் தண்ணீர் ஓடியது. அக்காவின் கை பிரேக்கைப் பிடித்தது, ஆனால் கால் இறங்க மறுத்தது. இறங்கினால் பார்க்க வேண்டும். பார்த்தால் அது உண்மையாகிவிடும். "என் தம்பி... சைக்கிளு..." என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

ஓர் ஆள் திரும்பினார். "சைக்கிளா? தண்ணிக் குழாய் ஒடஞ்சுபோச்சும்மா. ஓரமாப் போங்க."

நன்றி சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. மூன்றாவது வளைவு, நான்காவது வளைவு. பெரிய சாலையில் லாரிகள் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அச்சகம் இருக்கும் இடது பக்கம் திரும்பி, ஒவ்வொரு சைக்கிளாகப் பார்த்துக்கொண்டே போனாள். அரை கிலோமீட்டர் தள்ளி ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அந்தக் கூட்டத்தின் நடுவில், ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான் மகாராஜா.

"எறங்குடா! எறங்கித் தொல!"

தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான். "என்னக்கா? சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டேனா?"

அவள் ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினாள். ஹேண்டில் முழுசாகப் பக்கவாட்டில் வந்தது. சக்கரம் நேராக, தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றது.

தம்பியின் முகம் வெளுத்தது.

ரயில் போயிற்று. கேட் திறந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். இருவரும் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"வளைவுல ஒரு தடவ கோணலாப் போச்சுக்கா," என்றான் மெதுவாக. "மூணாவது வளைவு. சுவத்த ஒட்டிப் போயி எப்படியோ நின்னுட்டேன். எறங்கிப் பாத்தேன்."

"பாத்தியா? பாத்தும் ஏண்டா ஏறின?"

"புள்ளி இருந்துச்சே. உன் புள்ளி. அப்ப வண்டி மேல தப்பு இல்ல, எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனச்சேன். ஹேண்டிலை நேராக்கிக்கிட்டு வந்துட்டேன்."

அக்கா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சுவரில் மோதியிருந்தால்கூட அவன் கடைசியாகத் தன்னைத்தான் குற்றம் சொல்லியிருப்பான். அக்கா தப்புப் பண்ணியிருப்பாள் என்று சாகும்போதுகூட நினைத்திருக்க மாட்டான். பதினேழு வருஷப் பெருமை அவளுக்குக் கசந்தது.

"நான்தாண்டா," என்றாள். "புள்ளி வச்சதுக்கு அப்புறம் தளர்த்தினேன். திரும்ப இறுக்கல. மறந்துட்டேன். நேத்து ராத்திரி நானே அந்தப் புள்ளியப் பாத்துட்டுத்தான் நிம்மதியாத் தூங்கினேன்."

அவன் ஹேண்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

எழுந்து இரண்டு பக்கத் திருகையும் இறுக்கினாள். இறுக்கி முடித்ததும் பழக்கத்தில் கை நகப்பூச்சைத் தேடியது. குப்பி வீட்டில். இருந்திருந்தாலும் வைத்திருப்பாளா, தெரியாது.

"சரியாயிடுச்சு. போ, நேரமாச்சு," என்றாள்.

தம்பி சைக்கிளை வாங்கிக்கொண்டான். ஏறவில்லை. அதன் முன்னால் போய் நின்றான். முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலை வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை, பலம்கொண்ட மட்டும் திருகினான். அசையவில்லை. அக்காவை நிமிர்ந்து பார்த்தான். பார்வையில் கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதக்கா."

"சீ, இதுல என்ன," என்றாள் அக்கா. "இன்னொரு தடவ பாரு. நல்லா அழுத்திப் பாரு."

அவன் இன்னொரு தடவை பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.