மூன்று வாரம் அணையாத கம்ப்யூட்டர்

தாராவியில் சொர்ணம்மாளின் முறுக்குக் கார்கானாவில் ஆறு அடுப்பு, பதினோரு ஆள், ஒரு கம்ப்யூட்டர். வேலை முடிந்ததும் அடுப்புகள் அணையும், ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். கம்ப்யூட்டரை மட்டும் மூன்று வாரமாக யாரும் அணைக்கவே இல்லை. அதை அணைய விடாமல் காவல் காத்தவன் சுடலைக்கண்ணன்.

அவனுக்குக் கம்ப்யூட்டர் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. காலை ஆறு மணிக்குச் சாவி கொண்டுவந்து கார்கானாவைத் திறப்பது, மாவு பிசைவது, முறுக்குப் பிழிவது, இவ்வளவுதான் அவன் வேலை. பாசமெல்லாம் மனைவி பொன்செல்வி மேல். கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த பிறகு செம்பூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கிளாசுக்குப் போனவள் அவள். இருபத்து மூன்று பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து படித்து முடித்தாள். இப்போது நைன்டி ஃபீட் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமாக மேசை போட்டு, வருகிறவர்களுக்கு ஆன்லைன் பாரம் நிரப்பிக் கொடுக்கிறாள். "எம்பொண்டாட்டி கம்ப்யூட்டரையே கழத்தி மாட்டுவா" என்று சுடலைக்கண்ணன் டீக்கடையில் சொல்லுவான், சலூனில் சொல்லுவான், தண்ணீர் வரிசையில் சொல்லுவான். கேட்காதவர்களிடமும் சொல்லுவான்.

வினை கணபதிப் பண்டிகையில் ஆரம்பித்தது. பாட்டுப் போட வேண்டுமென்று கூட வேலை பார்க்கும் மாசானம் எங்கிருந்தோ ஒரு பென் டிரைவ் வாங்கிவந்து செருகினான். பாட்டோடு வைரஸும் வந்து இறங்கியது. மறுநாள் எந்தக் கோப்பைத் திறந்தாலும் திறக்கவில்லை. முறுக்குப் பாக்கெட்டில் ஒட்டும் ஸ்டிக்கரில் தேதியும் எடையும் வர வேண்டிய இடத்தில் ஏதோ கோழிக் கிறுக்கல் வந்தது. அந்த ஸ்டிக்கர் அடிக்கிற புரோகிராமை எழுதிக் கொடுத்த ஆள் துபாய்க்குப் போய் வருஷம் ஆறாகிறது, போன் நம்பரும் மாறிவிட்டது. ஸ்டிக்கர் இல்லாத பாக்கெட்டை மாட்டுங்கா கடைக்காரரும் வாங்க மாட்டார், தாணே கடைக்காரரும் வாங்க மாட்டார். சொர்ணம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"எம்பொண்டாட்டி பாத்துக்கிடுவா" என்றான் சுடலைக்கண்ணன்.

பார்க்கத்தான் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பொழுது சாய உட்கார்ந்து வைரஸைத் தேடித்தேடி அழித்தாள். கோப்புகள் திரும்பி வந்தன, ஸ்டிக்கர் ஒழுங்காக அடித்தது. கடைசிச் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் கிளம்ப வேண்டியதாயிற்று. "சோதன முடியட்டும். காலையில ஒரு தடவ அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க. ஸ்கிரீன்ல ஏதாச்சும் வந்தா அப்படியே எங்கிட்ட சொல்லணும்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனாள். சொர்ணம்மாளுக்கு வாயெல்லாம் பல். அந்தக் கல்லியில், அந்தச் சந்து முழுக்கக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற கார்கானாக்காரர்களிடமெல்லாம் அவளே போய் இந்தச் சேதியைச் சொன்னாள். அந்தத் தைரியத்தில்தான் பொன்செல்வி ஒரு போர்டு எழுதக் கொடுத்தாள். 'செல்வி கம்ப்யூட்டர் பழுது பார்க்குமிடம்'. விஜயதசமி அன்று மாட்டுவதாக ஏற்பாடு. போர்டு தயாராகி, பேப்பர் சுற்றி, அவர்களுடைய ஒற்றை அறைக் கோலியில் கட்டிலுக்கடியில் கிடந்தது.

திங்கட்கிழமை காலை சுடலைக்கண்ணன் தனியாக நின்று கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். திரை விரிந்ததும் நடுவில் ஒரு பெட்டி குதித்தது. சிவப்பு வட்டம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் இரண்டு வரி இங்கிலீஷ். அவனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் சிவப்புக்கு எந்தப் பாஷையிலும் ஒரே அர்த்தம்தானே என்று நினைத்துக்கொண்டான். ஓகே என்பதை அமுக்கினான், பெட்டி போயிற்று. பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதையும் அமுக்கினான். அப்புறம் எல்லாம் நன்றாகவே ஓடியது.

"ஏதாச்சும் வந்துச்சா?" என்று பொன்செல்வி போனில் கேட்டாள்.

"ஒண்ணும் வரல" என்றான். ஒரே ஒரு பொய். அதற்குச் சோறு போட்டு வளர்க்கத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

அணைத்துப் போட்டால்தானே பெட்டி வருகிறது, அணைக்காவிட்டால்? சுவிட்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டினான். "அடிக்கடி அணைச்சா மெஷினுக்கு ஆகாதுக்கா" என்று சொர்ணம்மாளிடம் சொல்லிவைத்தான். இரண்டு தடவை கரண்ட் போய் வந்தபோது மாவுக் கையோடு ஓடிப்போய், சொர்ணம்மாள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் இரண்டு ஓகேயையும் அமுக்கிவிட்டான். அமுக்கும்போது கண்ணை வேறு மூடிக்கொள்வான். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடும் என்கிற கதைதான்.

இரண்டாவது தடவை மாசானம் பின்னால் நின்று பார்த்துவிட்டான். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா?

"என்னவே சுடல, ஒம்பொண்டாட்டி வெரட்டுன வைரசு இன்னும் வாசல்லயே நிக்கு போல."

பென் டிரைவைச் செருகியவனே இப்படிக் கேட்டான். சுடலைக்கண்ணனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பேச்சு சொர்ணம்மாள் காதுக்குப் போயிற்று. அவள் கோபப்படவில்லை. "பாவம், அந்தப் பிள்ளைக்கித் தெரிஞ்ச அளவுக்குச் செஞ்சா. தசமி அன்னைக்கி வடாலால இருந்து அனந்த வரச் சொல்லுதேன்" என்றாள். அனந்த் கம்ப்யூட்டர் விற்கிறவன். அந்தப் 'பாவம்'தான் சுடலைக்கண்ணனைக் குத்தியது. திட்டியிருந்தாலாவது தேவலை.

ஆயுத பூஜை வந்தது. எந்த மெஷினும் அன்று ஓடக் கூடாது. மாவு மெஷின், தராசு, முறுக்கு உரல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்தார்கள். சொர்ணம்மாள் தன் கையாலேயே பிளாஸ்டரைப் பிய்த்துக் கம்ப்யூட்டரை அணைத்தாள். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரம் போட்டாள். பொரியும் கடலையும் பங்கு வைத்தபின் சட்டமாகச் சொன்னாள்: "நாளைக்கிப் பூச முடியுற வரைக்கும் யாரும் எதையும் தொடப்பிடாது. எல்லார் முன்னாலயுந்தான் போடணும்."

சுடலைக்கண்ணன் கையில் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னான். பொன்செல்வி போர்டு மாட்டக் கம்பி அளந்துகொண்டிருந்தாள். கம்பியைக் கீழே வைத்தாள்.

"மூணு வாரமா வருதா?"

"ஒம் பேரு கெட்டுரக் கூடாதுன்னுதான்ளா..."

"எம் பேரக் காப்பாத்துனீகளாக்கும். ஊரெல்லாம் எம்பொண்டாட்டியப் போல உண்டான்னு பெரும பேசிட்டு, உள்ளுக்குள்ள நான் தோத்துட்டேன்னு நெனச்சிருக்கீக. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. "சாவி எங்கிட்டதான் இருக்கு. விடியக்கால யாரும் வாறதுக்கு முந்திப் போயி..." என்று இழுத்தான்.

"நான் என்ன களவா பண்ணுனேன், ஒளிஞ்சு போறதுக்கு? எல்லார் முன்னாலயும் போடட்டும். பெட்டியில என்ன எழுதியிருந்துச்சு?"

"இங்கிலீசுல இருந்துச்சு."

 அவள் கம்பியை எடுத்து மறுபடி அளக்க ஆரம்பித்தாள்.

விஜயதசமி காலையில் கார்கானாவில் பக்கத்துக் கார்கானாக்காரர்கள் நான்கு பேர் கூடியிருந்தார்கள். அனந்த் ஒரு பை நிறைய ஆப்டா இலையோடு வந்திருந்தான். தசராவுக்கு மராட்டிக்காரர்கள் தங்கம் என்று சொல்லிக் கைக்குக் கை கொடுக்கிற இலை அது. சூடம் காட்டி முடிந்ததும் சொர்ணம்மாள் சுவிட்சைப் போட்டாள். திரை விரிந்தது. பெட்டி குதித்தது.

"நல்ல நாளும் அதுவுமா செவப்புக் குறியா" என்றாள் சொர்ணம்மாள். மாசானம் தொண்டையைக் கனைத்தான்.

அனந்த் குனிந்து பார்த்தான். அவன் வடாலாவில் தமிழர்களோடு வளர்ந்தவன், தமிழும் இந்தியும் கலந்து பேசுவான். "ஃபார்மேட்தான் போடணும் அக்கா, எல்லாத்தையும் அழிச்சிட்டு. வைரஸ் அந்தர், உள்ளதான் இருக்கு."

"ஃபார்மேட் போட்டா ஸ்டிக்கர் புரோகிராம் போயிரும்" என்று பொன்செல்வி முன்னால் வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். 

அவள் ஓகேயை அமுக்கவில்லை. பெட்டியில் இருந்ததை விரல் வைத்து உரக்கப் படித்தாள். பிறகு அனந்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுல ஒரு ஃபைல் பேரும் எடமும் போட்டிருக்கு. அதான் வைரசு. அது அங்க இருக்கான்னு நீங்களே தேடிச் சொல்லுங்க."

அனந்த் தேடினான். மறைத்து வைத்த கோப்புகளையும் காட்டச் சொல்லித் தேடினான். இன்னொரு முறையும் தேடிவிட்டு நிமிர்ந்தான். அவன் நேர்மையான ஆள்.

"நஹீ ஹை அக்கா. ஃபைலே இல்ல."

பொன்செல்வி சொர்ணம்மாள் பக்கம் திரும்பினாள். "நீங்க காலையில ஹாஜர் எடுப்பீகல்லாக்கா. வேலைய விட்டு நின்ன ஆளு பேர நோட்டுல அடிக்காம விட்டா என்ன செய்வீக? கூப்பிடுவீக. பதில் வராது. ஆளக் காணோம்பீக. இந்தப் பெட்டியும் அதத்தான் சொல்லுது. கம்ப்யூட்டரு முழிச்சதும் வைரசு பேரச் சொல்லிக் கூப்பிடுது, ஆளு இல்லன்னு சொல்லுது. வைரசு உள்ள இருந்தா இந்தப் பெட்டியே வராது. அது பாட்டுக்கு எந்திரிச்சு வேலையப் பாக்கும்."

 சுடலைக்கண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டான். அவள் ஜெயித்துவிட்டாள் என்றுதான் அந்தப் பெட்டி மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, அவன்தான் அதன் வாயைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறான். இதை நினைத்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

அவள் போனில் அந்தப் பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டாள். தொடக்கத்தில் எதையெதைக் கூப்பிட வேண்டும் என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கிற பட்டியலைத் திறந்தாள். தப்பாக எதையாவது அடித்துவிட்டால் திரும்ப வைப்பதற்காக முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்தாள். ஒவ்வொரு பேராகப் பார்த்து, ஸ்டிக்கர் பிரின்டருடையதை விட்டு, வைரஸின் பேரை மட்டும் அழித்தாள். அணைத்துப் போட்டாள்.

முதல் பெட்டி வரவில்லை. சுடலைக்கண்ணன் மூச்சு விடுவதற்குள் இரண்டாவது பெட்டி வந்து நின்றது.

"இன்னும் நிக்குவே" என்றான் மாசானம், மெல்ல.

பொன்செல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரே ஆளு பேர ரெண்டு நோட்டுல எழுதி வச்சிருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இந்த இந்த நேரத்தில் இந்த இந்த வேலை என்று குறித்து வைத்திருக்கும் இடத்துக்குப் போனாள். நீளப் பட்டியல். ஒவ்வொன்றாகத் திறந்து, அது எதைக் கூப்பிடுகிறது என்று பார்த்து மூடினாள். சூடத் தட்டு ஆறிப்போயிற்று. கடைசியில் ஒன்றில் விரல் நின்றது. அழித்தாள்.

"நீங்க வந்து போடுங்க" என்றாள் புருஷனிடம்.

"நானா?"

"நீங்கதான். கண்ண மூடப்பிடாது."

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து சுவிட்சை அமுக்கினான். கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். திரை விரிந்தது. சொர்ணம்மாள் வைத்திருந்த முருகன் படம் முழுசாகத் தெரிந்தது. அதன் மேல் ஒன்றும் குதிக்கவில்லை. எல்லோரும் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார்கள். அப்புறமும் ஒன்றும் வரவில்லை. பொன்செல்வி ஒரு ஸ்டிக்கர் அடித்தாள்: தேன்குழல், இருநூறு கிராம், அன்றைய தேதி.

சொர்ணம்மாள் அந்த ஸ்டிக்கரை உரித்துச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டினாள். "பாவம்னு சொல்லிட்டேனே தாயி" என்று பொன்செல்வியின் கன்னத்தைத் தொட்டாள். அனந்த் பையிலிருந்து முதல் ஆப்டா இலையை எடுத்து, பெரியவர்களை விட்டுவிட்டு, அவள் கையில் கொடுத்தான். பக்கத்துக் கார்கானாக்காரர் ஒருவர், தன் மெஷினையும் இன்றைக்கே வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"போர்ட மாட்டிட்டு வாறேன் அண்ணாச்சி" என்றாள்.

போர்டு இப்போதும் நைன்டி ஃபீட் ரோட்டில் தொங்குகிறது. அதற்குக் கீழே, அன்று எடுத்த படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. சிவப்பு வட்டம், பெருக்கல் குறி, இரண்டு வரி இங்கிலீஷ். மாட்டியவன் சுடலைக்கண்ணன்தான். வேலை விட்டு வந்ததும் மாவு காய்ந்த கையோடு அங்கே போய் நிற்பான். அந்த இரண்டு வரியையும் எழுத்தெழுத்தாகக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். இதென்ன கோளாறு என்று யாராவது கேட்டால் போதும்.

"கோளாறு இல்ல அண்ணாச்சி. எம்பொண்டாட்டி வாங்குன சர்ட்டிபிகேட்டு" என்பான். சொல்லிவிட்டு, வந்தவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அதை முழுக்கப் படித்துக் காட்டுவான்.