சூடாத்தான் வருது

பாலத்தின் நட்டநடுவில் வந்தபோது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு லாரி, இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு. பக்கத்து இருக்கையில் நெஞ்சில் கையை வைத்தபடி அவள் கணவர்.

டேஷ்போர்டில் வேகமுள்ளுக்குக் கீழே, தண்ணீரில் நட்டுவைத்த தெர்மாமீட்டர் மாதிரி ஒரு சின்னப் படம். அது என்னவென்று தெரியாதவளாக இருந்திருந்தால்கூடத் தேவலை. அவள் பிழைப்பே அதுதான். டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாள் வண்டியில் உட்காரவைத்து, சாவியைப் பாதி திருப்பி, எல்லா விளக்கும் எரிவதைக் காட்டுவாள். "மஞ்சள் வந்தா கையில இருக்கிற வேலையை முடிச்சிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போ. சிவப்பு வந்தா எந்த வேலையா இருந்தாலும் ஓரங்கட்டு, இஞ்சினை அணை. மத்ததெல்லாம் அப்புறம்." பக்கத்து இருக்கையில் தனக்கென்று இருக்கிற இரண்டாவது பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டாள். அதனால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கக்கா.

ஓரங்கட்ட அந்தப் பாலத்தில் ஓரமே இல்லை.

"என்ன டீச்சரம்மா, உன் சிவப்பு லைட்டு எரியுதா?" என்றார் அவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இஞ்சின் கொதிக்குது. கடைசியா எப்பத் தண்ணி ஊத்துனீங்க?"

"நேத்து. இல்ல, முந்தாநேத்து."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மனுஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அடுத்தவர் கண்ணில் விழுந்த தூசியைத் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். தன் வண்டி ஒழுகுவது மட்டும் அவர் கண்ணில் படாது. ரேடியேட்டரில் எங்கேயோ கசிகிறது என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "சின்னக் கசிவுதான். ஒண்ணும் இல்ல" என்று தினமும் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பிப் போனார். "உங்க வண்டி, உங்க பாடு" என்று அவளும் வீம்பாக விட்டுவிட்டாள். ஒரு போன் போட்டிருந்தால் ஒர்க்‌ஷாப்காரர் வீட்டுக்கே வந்திருப்பார். போடவில்லை. யார் முதலில் இறங்கி வருவது என்பதுதான் அப்போது பெரிய விஷயமாக இருந்தது.

நெஞ்சுவலிக்கும் அதே பதில்தான். மூன்று நாளாக வாயு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு மதியம் கடையில் வேலை பார்க்கிற பெண் போன் செய்து, "அக்கா, சார் தரையில உக்காந்துட்டாரு" என்றபோதுதான் அவள் ஓடினாள். போய் நின்றால், "ஒண்ணும் இல்ல, நானே ஓட்டறேன்" என்று சாவியை எடுக்கிறார். பிடுங்கி வாங்க வேண்டியதாயிற்று.

ஆம்புலன்ஸுக்கு இரண்டாவது முறையாகப் போன் செய்தாள். பாலத்துக்குள் வண்டி நுழைய முடியாது, லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நிற்கிறது, ஒற்றை வரிசையில் விடுகிறார்கள், எப்படியாவது இறங்கி வந்துவிடுங்கள் என்றது அந்தப் பக்கத்துக் குரல். எப்படியாவது என்றால் எப்படி? தூக்கிக்கொண்டா ஓடுவது? இவர் எடைக்கு நாலு பேர் வேண்டும்.

இஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து லேசாக ஆவி வந்தது. எதிர்வரிசையில் நின்ற வேன்காரர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணி ஊத்துங்க. என்கிட்ட இருக்கு."

"இப்பத் திறந்தா மூஞ்சியிலதான் அடிக்கும். அரை மணி நேரம் ஆறணும்."

"அப்ப அணைச்சுட்டு நிக்க வேண்டியதுதான்."

அவள் கணவரைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. அரை மணி நேரம் நிற்கிற முகம் இல்லை அது.

இன்னொரு வழி இருக்கிறது. அதையும் அவள்தான் பாடத்தில் சொல்லிக்கொடுப்பாள். ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டால், இஞ்சினில் இருக்கிற சூட்டில் கொஞ்சம் வண்டிக்குள்ளே இறங்கும். உள்ளே இருக்கிறவர்கள் வெந்தால் இஞ்சின் பிழைக்கும். கொளுத்தும் வெயிலில், மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு அதைச் செய்வதா? செய்யாமல் விடுவதா?

"என்ன யோசிக்கிற?"

சொன்னாள்.

"போடு" என்றார். "இத்தனை வருஷமா வறுத்தெடுத்தே. இன்னிக்கு வேகவெச்சுப் பாரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல்களை இறக்கிவிட்டு, ஹீட்டர் திருகை நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்பினாள். டேஷ்போர்டின் நடுவில் இருந்த துவாரங்களிலிருந்து அடுப்பைத் திறந்ததுபோல் அனல் அடித்தது.

"கையை இங்க வெச்சுக்கங்க" என்றாள். "சூடா வர்ற வரைக்கும் தண்ணி இருக்குன்னு அர்த்தம். காத்து குளிர்ந்துபோச்சுன்னா உள்ள சொட்டுத் தண்ணி இல்ல. உடனே சொல்லணும், நிறுத்திடுவேன். அதுக்கப்புறம் ஓட்டினா இஞ்சின் எந்த நிமிஷமும் இறுகிடும்."

"எனக்கும் ஒரு வேலை கொடுத்துட்ட" என்று அவர் உள்ளங்கையைத் துவாரத்தின் முன்னால் வைத்துக்கொண்டார்.

பஸ் ஒரு அடி நகர்ந்தது. அவளும் ஒரு அடி நகர்ந்தாள். மறுபடி நின்றது. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. உள்ளே வேர்த்து ஊற்றியது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சூடா வருதா?"

"வருது."

சாலையைப் பார்ப்பாள், சிவப்பு விளக்கைப் பார்ப்பாள், அவரைப் பார்ப்பாள். மூன்றில் எதையும் முழுதாகப் பார்க்க முடியவில்லை. கண்ணில் வேர்வை இறங்கி எரிந்தது.

"சூடா வருதா?"

"வருதுன்னா வருது. நீ ரோட்டைப் பாரு."

குறுக்கே நின்ற லாரியை அவர்கள் தாண்டிக்கொண்டிருந்தபோது இஞ்சின் பக்கம் 'புஸ்' என்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க ஆவி மூடி விலகியது. கொஞ்ச தூரம் போயிருப்பார்கள், சிவப்பு விளக்கு பட்டென்று அணைந்தது.

அவளுக்குப் போன உயிர் வந்தது. உடனே மறுபடியும் போனது. விளக்கு இரண்டு காரணத்தால் அணையும். இஞ்சின் நிஜமாகவே ஆறியிருக்கலாம். இல்லை, தண்ணீர் மொத்தமும் கொட்டிப்போய், அளந்து சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போயிருக்கலாம். எது என்று டேஷ்போர்டு சொல்லாது.

"என்னங்க, காத்து எப்படி வருது? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அவர் கையை எடுத்தார். நடுவில் இருந்த இரண்டு துவாரங்களின் தகடுகளையும் ஒவ்வொன்றாகத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார். அந்தச் சின்ன வேலைக்கே மூச்சு வாங்கியது.

"எதுக்கு இப்ப அது?"

"உனக்குக் கண்ணெல்லாம் வேர்வை. வண்டி ஓட்டறவ நீ." மறுபடியும் கையைத் துவாரத்தின் முன் வைத்துக்கொண்டார். "சூடாத்தான் வருது. நிறுத்தாத. போ."

போனாள். பாலம் இறங்கும் இடத்தில் ஆம்புலன்ஸ் எதிர்வரிசையில் சிக்கி, விளக்கு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் காத்திருப்பதைவிட ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம், இரண்டு தெருதான்.

"வருதா?"

"ம். சூடாத்தான்."

ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும்போது மறுபடி கேட்டாள். பதில் இல்லை. இஞ்சின் கடகடவென்று ஒரு ஆட்டம் ஆடி, அவசரப் பிரிவுக்கு முன்னால் தானாகவே நின்றது. அவர் கை மடியில் கிடந்தது.

ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடிக்கொண்டது. கதவுக்கு மேலே இருந்த விளக்கையே பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். டாக்டர் வெளியே வந்து, எவ்வளவோ முயற்சி செய்தோம் என்று ஆரம்பித்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. முடிக்கவிடாமல், "அவருக்கு ரொம்பச் சூடா இருந்துச்சா டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியாயிற்று. நாற்காலிகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள். அவரிடம் கண்ணாடி வாங்கியவர்கள் எல்லாம் அதே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார்கள். வெளியூரில் படிக்கிற மகள் வந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, விட்டு விட்டு அழுதாள். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

"கடைசியா என்னம்மா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை" என்றாள். என்ன சொல்வது? சூடாத்தான் வருது என்றார் என்றா?

அவருடைய தம்பி, அவள் கொழுந்தன், கடைக்காரப் பெண்ணிடமும் ஆஸ்பத்திரியிலும் விசாரித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நல்ல பிள்ளைதான், மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு பேசத் தெரியாது.

"அண்ணனுக்குச் சட்டையெல்லாம் பிழியற மாதிரி நனைஞ்சிருந்துச்சாமே அண்ணி. ஏ.சி. போடலையா?"

"இஞ்சின் கொதிச்சுது தம்பி."

"அதுக்கு?"

எழுந்து போய்விடலாம் என்றால், மடியில் மகள், இந்தப் பக்கம் கொழுந்தன், எதிரே அவர். எழுந்து போக வழி இல்லை. அவரை நான்தான் வேகவைத்தேன் என்று யாரிடம் சொல்வது? அந்தப் பாலம் அவளோடு கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. படுத்தாலும் அந்த அனல், உட்கார்ந்தாலும் அந்த அனல். தாலாட்டுகிற மாதிரி மகளின் முதுகைத் தட்டிக்கொண்டு, அப்பாவைக் கொன்றுவிட்டேன், அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வண்டி வழியை மறிக்கிறது, எடுத்துப் போங்கள் என்றார்கள். கொழுந்தன் தன் வண்டியில் அவளையும் ஏற்றிக்கொண்டு போனான். வாட்ச்மேன்கள் காரைத் தள்ளி ஒரு சுவரோரமாக விட்டிருந்தார்கள்.

"தண்ணி ஊத்திப் பாப்போம் அண்ணி. கிளம்பினாலும் கிளம்பும்."

அவன் மூடியைத் திறந்து ஊற்றினான். ஒரு பாட்டில் போயிற்று, இன்னொரு பாட்டில் போயிற்று. மேலே ஊற்றியது அப்படியே கீழே வந்து அவன் செருப்பை நனைத்தது. அவள் குனிந்து பார்த்தாள். கீழே போகிற ரப்பர் குழாய் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. இப்படிக் கிழிந்த குழாயில் தண்ணீர் ஒரு நிமிஷம்கூட நிற்காது.

அந்தச் சத்தம் இதுதான். குறுக்கே நின்ற லாரியின் பக்கத்தில் கேட்ட சத்தம்.

அவள் போய்ப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்தாள். உட்காரவில்லை, நின்றபடியே பார்த்தாள். திருகு சிவப்பிலேயே இருந்தது. நடுத்துவாரங்கள் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் இருக்கையைப் பார்த்திருந்தன. அவள் பக்கம் ஒரு இடுக்குகூட விடாமல் தகடுகளைச் சாய்த்திருந்தார். லாரியைத் தாண்டினதிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் அந்தத் துவாரத்தில் சூடு இல்லாத வெறும் காற்றுதான் வந்திருக்கும். அதில் கையை வைத்துக்கொண்டு அவர் அத்தனை தடவை பதில் சொல்லியிருக்கிறார்.

சூடு கொல்லவில்லை. அந்த நினைப்பு முதலில் வந்தது, நெஞ்சில் இருந்த கல் ஒன்று புரண்டது. அதன் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. பாவி மனுஷா, பாடம் நடத்துகிறவளையே ஏமாற்றிவிட்டாயே. குளிர்ந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள். சட்டப்படி, பாடப்படி, பாலத்து மேலேயே நிறுத்தியிருப்பாள். அது தெரிந்துதான் சொல்லவில்லை. பிழைத்துவிடலாம் என்ற ஆசையா, அவள் பயப்படக் கூடாது என்றா? கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்.

"இஞ்சின் போச்சு அண்ணி" என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தான் கொழுந்தன். "கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிடுவோம். நீங்க இதுல உக்காந்து ஸ்டீயரிங் பிடிச்சாப் போதும்." உள்ளே எட்டிப் பார்த்தவன், "இதென்ன, எல்லாத்தையும் ஒரே பக்கமாத் திருப்பி வெச்சிருக்கு" என்று துவாரத்துக்குக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க தம்பி" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

கயிறு இறுகி, வண்டி நகர்ந்தது. இஞ்சின் ஓடாததால் ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. சாவியைத் திருப்பி வைத்திருந்ததில் டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன, மஞ்சளும் சிவப்புமாக, முதல் நாள் பிள்ளைகளுக்கு அவள் காட்டுவதுபோல. பாலம் வந்தது. இன்றைக்கு நெரிசல் இல்லை. இருந்தும் முன்னால் போகிற வண்டியின் வேகத்துக்கு மேல் அவளால் போக முடியாது, அது நிற்காமல் நிற்கவும் முடியாது.

நடுப்பாலத்தில் கொழுந்தன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, பின்னால எல்லாம் சரியா இருக்கா? டேஷ்போர்டுல ஏதாவது லைட்டு எரியுதா?"

அவள் இடதுகையை நீட்டி, பக்கத்து இருக்கையைப் பார்த்திருந்த துவாரத்துக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தாள்.

"ஒண்ணும் இல்ல தம்பி" என்றாள். "நீங்க நிறுத்தாம போங்க."