கம்பெனி கொடுக்க ஓர் ஆள்

சிவபாண்டி குடியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் குடித்த குடியைப் பற்றி அவன் மனைவி சத்யப்பிரியாவிடம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். மம்சாபுரத்தில் அக்கம் பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள். போதும் என்றாலும் நிறுத்த மாட்டார்கள். சென்னையில் பெரிய ஓட்டலில் மது கலந்து கொடுக்கும் வேலை பார்த்தவன் அவன். ஊருக்கெல்லாம் கலந்து கொடுத்து, கடைசியில் தானும் விழுந்தான். வேலை போயிற்று, கல்லீரல் வீங்கிற்று. அவள்தான் ஆஸ்பத்திரிக்கும் முனியாண்டி கோயிலுக்கும் அவனை இழுத்துக்கொண்டு அலைந்தாள். கோயிலில் பூசாரி வலது கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். கயிறு கையில் இருக்கிறவரை ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. ஆடிக்கு ஆடி புதுக் கயிறு. இனிமேல் குடித்தால் ஆள் தேறாது என்று டாக்டரும் சொல்லி அனுப்பியிருந்தார்.

கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி வைகுண்டராஜ் போன் செய்தார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். சிவபாண்டியைக் கூப்பிட்டு ஸ்டோரில் வேலை கொடுத்தவரும் அவர்தான். அந்த மாதம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்ததால் எல்லோருக்கும் அவர் சாமி.

“நாளைக்கு மத்தியானம் தோப்பு வீட்டுக்கு வா சிவா. அமெரிக்கா பார்ட்டி வந்திருக்காரு, போர்பன் விஸ்கி பாட்டிலும் கொண்டாந்திருக்காரு. அவுக ஊர்ல மரத்துல வடியுற தண்ணியப் பாகாக் காய்ச்சி அதுல கலப்பாகளாம். எங்க பனைமரத்துல இல்லாத பாகான்னு நானும் வாய விட்டுட்டேன். நீதான் கலக்கணும்.”

அவன் சரி சாமி, சரி சாமி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனை வைத்தான்.

“மாலை போட்ட மனுசன் வீட்டுல பாட்டிலா?” என்றாள் சத்யப்பிரியா.

“தோப்பு வீடுதான. பூசை ரூம் இருக்குத வீடு வேற.”

“நானும் வாரேன். பாகு நான் காய்ச்சுதேன்.”

அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடையில் கிண்டுகிற வேலை பார்ப்பவள்; பதம் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பாகுக்காகவா போனாள்? காவலுக்குப் போனாள்.

மறுநாள் தோப்பு வீட்டு அடுப்படியில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கரைத்தாள். மண்ணும் தூசியும் போக வெள்ளைத் துணியில் வடிகட்டி, தீயைக் குறைத்து வைத்துக் காய்ச்சினாள். சுக்கு தட்டிப் போடலாமா என்று கேட்டதற்கு, “போட்டா கருப்பட்டிக் காப்பி ஆயிரும்ட்டி” என்று அவன் சிரித்தான். நேற்றிலிருந்தே அவனுக்குச் சிரிப்பு கொஞ்சம் அதிகமாகத்தான் வந்துகொண்டிருந்தது. விரல்களுக்கு நடுவே பாகு ஒட்ட ஆரம்பித்ததும், கம்பி விழும் முன்னே இறக்கிவிட்டாள்.

கூடத்தில் அமெரிக்கரும் முதலாளியும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி பாட்டில் பக்கம் கையைக்கூடக் கொண்டுபோகவில்லை. மாலையைத் தொட்டுக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வந்தவர் எழுந்து நின்று கும்பிட்டார். நல்ல மனுசன்தான், பாவம்.

சிவபாண்டி கலக்க ஆரம்பித்தான். கிளாசில் இரண்டு கரண்டி பாகு, அதன்மேல் போர்பன், பெரிய பெரிய ஐஸ் கட்டி. நீளக் கரண்டியை விட்டுச் சத்தமே வராமல் சுற்றினான். ஆரஞ்சுத் தோலில் ஒரு கீற்றைச் சீவி, கிளாசுக்கு மேலே வைத்து முறுக்கிப் போட்டான். ஊற்றும்போது மட்டும் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டான். அந்தக் கைக்கு இம்புட்டு நேர்த்தி உண்டென்று கட்டிக்கொண்ட நாளிலிருந்து அன்றுவரை அவளுக்குத் தெரியாது. பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

அமெரிக்கர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை விரித்தார். அவளைப் பார்த்தும் தலையசைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே முதலாளியிடம் ஏதோ சொன்னார்.

“தனியாக் குடிக்க ஒரு மாதிரியா இருக்காம்” என்றார் முதலாளி. “சிவா, நீ ஒரு கிளாஸ் போட்டுக்கிட்டு அவருக்குக் கம்பெனி குடு.”

“சாமி, நான் கயிறு கட்டிருக்கேன்.”

“கயிறுதானப்பா. கழட்டி வச்சுட்டுக் குடி. நாளைக்கு வேற கட்டிக்கிடலாம். பூசாரிகிட்ட நான் சொல்லுதேன்.”

முடியாது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவள் காத்திருந்து பார்த்தாள். சிவபாண்டி கிளாசைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“அப்ப நீங்களும் இன்னைக்கு ஒருநா மாலையக் கழட்டி வைங்க சாமி” என்றாள் சத்யப்பிரியா. “நாளைக்கு வேற போட்டுக்கிடலாம்.”

முதலாளியின் முகம் கறுத்துப்போனது. கை தன்னால் மாலைக்குப் போயிற்று. அமெரிக்கர் என்ன, என்ன என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

“ஏட்டி!” என்று கத்தினான் சிவபாண்டி. “யாருகிட்ட என்ன பேச்சுப் பேசுத? சாமி, மன்னிச்சுக்கிடுங்க. புத்தி கெட்டுப்போய்ப் பேசிட்டா. நீங்க சொல்லி நான் மாட்டேன்னு சொல்லுவேனா?”

கயிற்றை உருவி மேசைமேல் வைத்தான். அடுத்த கிளாஸ் கண் இமைக்கும் நேரத்தில் தயாராகிவிட்டது. அமெரிக்கருக்கு விஷயம் பாதி புரிந்திருக்க வேண்டும். “நோ, நோ” என்று இரண்டு கையையும் ஆட்டினார். அந்த இங்கிலீஷ் அவளுக்கும் தெரியும். முதலாளியே இறங்கி வந்து, “சரி, விட்டுருப்பா” என்றார்.

அவன் விடவில்லை. ஒரே மூச்சில் குடித்தான். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கோபப்பட்டவன் முகமா அது? வெயிலில் நடந்து வந்தவன் வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றும்போது இருக்குமே, அப்படி இருந்தது. சத்யப்பிரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நேற்றுப் போன் வந்த நிமிஷத்திலிருந்து இவன் ஒரு சாக்குக்காக ஏங்கிக்கொண்டு இருந்திருக்கிறான்.

அமெரிக்கர் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார். மில்லைச் சுற்றிக் காட்டப்போவதாகச் சொல்லி முதலாளி அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். போகும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

“வாங்க, போவோம்” என்றாள் அவள்.

சிவபாண்டி உட்கார்ந்தான். இந்த முறை பாகும் தேடவில்லை, ஐஸும் தேடவில்லை. பாட்டிலைச் சாய்த்து கிளாஸ் நிறைய ஊற்றினான்.

“இப்ப யாருக்குக் கம்பெனி குடுக்கீக?”

“நீ பேசுன பேச்சுக்குத்தாம்ட்டி குடிக்கேன்” என்றான் அவன், கிளாசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இனி அவனுக்குக் காரணம் தேடுகிற கஷ்டமே கிடையாது. ஆயுசுக்கும் போதுமானதை அவளே வாயால் கொடுத்திருந்தாள்.