வீட்டுக்கு ஓர் ஆள்

திருப்பூரில் அர்த்தநாரி வேலை பார்த்த பனியன் கம்பெனியில், மேனேஜர்களுக்குப் பதிலாக அவரவர் வீட்டில் இருப்பதற்குக் கம்பெனியே ஓர் ஆளை அனுப்பிவிடும். அர்த்தநாரியின் வீட்டில் இருந்தவன் பெயர் குழந்தைவேலு. நல்ல ஏற்பாடுதான். அர்த்தநாரி கம்பெனியிலேயே குளித்தான், சாப்பிட்டான், கட்டிங் டேபிளுக்கு அடியில் தூங்கினான். வீட்டைப் பற்றி ஒரு குறையும் அவன் காதுக்கு வரவில்லை.

ஒருநாள் பாய்லர் பழுதாகி, எல்லோரையும் மத்தியானமே போகச் சொல்லிவிட்டார்கள். போக வேறு இடம் தெரியாததால் அவன் வீட்டுக்குக் கிளம்பினான்.

வீடு தள்ளிப் போயிருந்தது. பஸ் கண்டக்டர்தான் சொன்னார்.

"ஆள் வராத வீடெல்லாம் நகர்ந்துக்குமுங்க. உங்களுது பரவால்லீங்க, இன்னும் ஊருக்குள்ளதான் இருக்குது."

கதவைத் திறந்தாள் மனைவி வசந்தாமணி. அவனைப் பார்த்ததில் அவளுக்குக் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"வாங்க. வெய்யில்ல வந்திருக்கீங்க. மோர் குடிக்கறீங்களா?"

விருந்தாளிகளுக்கு எடுக்கும் கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள்.

கூடத்தில் குழந்தைவேலு தரையில் மல்லாந்து படுத்திருந்தான். அர்த்தநாரியின் மகள் மிருதுளா அவன் வயிற்றில் தலை வைத்துப் படுத்திருந்தாள். ஃபேன் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்த்தநாரியுடைய அப்பாவின் கட்டிலில் துவைத்த துணிகள் கிடந்தன.

"அப்பா எங்கே?" என்றான் அர்த்தநாரி.

"மாமா போன தையிலயே போயிட்டாருங்க," என்றாள் வசந்தாமணி. "போன் பண்ணினோம். சரின்னு சொன்னீங்க."

அர்த்தநாரி யோசித்துப் பார்த்தான். தையில் ஜெர்மனி ஆர்டர். யார் என்ன சொன்னாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

"கொள்ளி?"

"நாந்தானுங்ணா வெச்சேன்," என்று குழந்தைவேலு எழுந்து உட்கார்ந்தான். "நல்லா அழுதேனுங்க. உங்க பங்கையும் சேர்த்து."

அர்த்தநாரி மிச்ச மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"நீ கிளம்பு, குழந்தைவேலு. இனிமே நானே இருந்துக்கறேன்."

"சரிங்ணா. உங்களால முடியுமுங்களா?"

"என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாதுங்க. அதுதான் கொஞ்சம் சிரமம்."

குழந்தைவேலு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அர்த்தநாரி அவன் படுத்திருந்த இடத்தில் படுத்தான்.

வீடு அவன் பக்கமாகச் சாய்ந்தது. முதலில் அடுப்படியிலிருந்து ஒரு தக்காளி உருண்டு வந்து அவன் விலாவில் முட்டி நின்றது. பிறகு ஒரு சொம்பு வந்தது.

"கண்ணு, இங்க வந்து படு," என்று மகளைக் கூப்பிட்டான்.

அவள் சரிவில் பார்த்துப் பார்த்து இறங்கி வந்து, மரியாதைக்குப் படுத்தாள்.

"ஃபேன் எந்தப் பக்கம் சுத்துது, சொல்லுங்க."

"அதைத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

வேண்டுமென்று சொன்னதில்லை. வாயே சொல்லிவிட்டது. வீடு இன்னும் சாய்ந்தது. வசந்தாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, கொஞ்சம் லேசா இருங்களேன்."

"எப்படி?"

அவள் கம்பியைப் பிடித்தபடியே அழுதாள்.

அவன் நிஜமாகவே முயன்றான். கைகால்களைத் தளர்த்தினான். கண்ணை மூடினான். கண்ணுக்குள் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடின. எங்கேயோ சுவர் விரிசல் விடும் சத்தம் கேட்டது.

"அம்மா, வெளியே போயிடலாம்," என்றாள் மிருதுளா.

தாயும் மகளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சரிந்த தரையில் வாசலை நோக்கி ஏறினார்கள். தெருவிலேயே நின்றிருந்த குழந்தைவேலு வாசலில் குனிந்து, கை கொடுத்து இருவரையும் வெளியே தூக்கிவிட்டான். ஏதோ சொன்னான். மூன்று பேரும் சிரித்தார்கள். வசந்தாமணியின் அந்தச் சிரிப்பை அர்த்தநாரிக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவனும் அவளை அப்படிச் சிரிக்க வைத்திருக்கிறான்.

அவனுக்கும் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து, சத்தியமான சிரிப்பு. சரிவில் ஊர்ந்து ஏறி வாசலுக்குத் தலையை நீட்டி, அவர்களோடு சேர்ந்து சிரிக்க வாயைத் திறந்தான்.

கம்பெனிச் சங்கு ஊதியது.

அவன் வாயிலிருந்துதான். தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லா வீட்டிலிருந்தும், வீட்டில் இருக்க வந்த ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒருவன் சோறு ஒட்டிய கையோடு வந்தான். ஒருவன் தோளில் தூங்கிய குழந்தையைப் படியில் இறக்கி வைத்துவிட்டு வந்தான். எல்லோரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள் போல, கம்பெனி இருக்கும் பக்கமாக நடந்தார்கள்.

குழந்தைவேலு மிருதுளாவின் கையை விட்டான். விடுவதற்கு அவனுக்கு மனமில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கால்கள் போய் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டன.

"வாயை மூடுங்கப்பா!" என்று மிருதுளா கத்தினாள். அர்த்தநாரியை அவள் அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவன் இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்து அழுத்தினான். சங்கு நிற்கவில்லை. குழந்தைவேலு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தெருமுனையில் மறைந்தான்.