படகுத்துறையில் சிவப்பு

நர்ஸின் தலை முழுக்கச் சாயம் பூசி, பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிவிட்டு, "இனி கொஞ்ச நேரம் ஆடாம அசையாம உட்காருங்க" என்று சொல்லிவிட்டு அழகு நிலையக்காரி கை கழுவப் போனபோதுதான் தலைவர் கடை வாசலில் வந்து நின்றார். பெண்கள் அழகு நிலையத்துக்குள் ஆண்கள் வரக்கூடாது என்று பலகை மாட்டச் சொன்னவரே அவர்தான். அதனால் கதவை ஒரு சாண் திறந்து மூக்கை மட்டும் உள்ளே விட்டுப் பேசினார்.

"என்னம்மா செயலாளர், நாளைக்கு எல்லாம் தயாரா?"

"பொடி வந்துடுச்சு சார். பேக்கரிக்காரர் படகு எடுத்துட்டு வர்றேன்னிருக்காரு."

ஏரிப் பாதுகாப்புச் சங்கத்துக்கு அவள் செயலாளர், அவர் தலைவர். ஏரிக்கரையில் இருக்கிற பெரிய விடுதிக்கும் அவர்தான் முதலாளி. அந்த விடுதியின் தெருப்பக்க மூலையில்தான் அவளுடைய கடை வாடகைக்கு இருந்தது. அவர் வரும்போதெல்லாம் செயலாளராக உட்கார்ந்திருப்பதா, வாடகைக்காரியாக எழுந்து நிற்பதா என்று அவளுக்கு ஒரு குழப்பம் வரும். எப்போதும் எழுந்துதான் நிற்பாள்.

சங்கத்தார் சும்மா பேர் போட்டுக்கொண்டவர்கள் இல்லை. வாரம் தவறாமல் படகில் போய்ப் பாசியை வாரினார்கள். மழைத்தண்ணீர் வந்து விழும் வாய்க்கால்களில் வலை கட்டிக் குப்பையைப் பிடித்தார்கள். கரை சரியாமல் இருக்க நாணல் நட்டார்கள். ஏரி நடுவில் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எவ்வளவு ஆழம்வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்துவந்தார்கள். முன்பெல்லாம் அந்தத் தட்டு நிலவைப்போல மெல்ல மெல்ல மங்கி இறங்கும். இந்த ஆண்டு தண்ணீரைத் தொட்டதுமே காணாமல் போனது. நீந்தப்போன பிள்ளைகள் உடம்பெல்லாம் தடிப்போடு திரும்பினார்கள். எங்கிருந்தோ சாக்கடை கலக்கிறது. எந்த வீட்டிலிருந்து என்றுதான் தெரியவில்லை. கரையோர வீடு ஒவ்வொன்றின் கழிவறையிலும் சிவப்புப் பொடியைக் கரைத்து ஊற்றி, ஏரியில் எங்கே சிவப்பு தெரிகிறதென்று பார்க்க முடிவு செய்திருந்தார்கள்.

"ஒரு சின்ன விஷயம்மா" என்றது கதவிடுக்கில் இருந்த மூக்கு. "அந்தக் கடைக்கோடி வரிசை இருக்கு பாருங்க, அங்க மட்டும் போட்டாப் போதும்."

"எல்லா வீட்டுக்கும்னுதானே சார் கூட்டத்துல பேசினோம்?"

"பேசறது வேற, நடைமுறை வேற. என் விடுதியில ஆளுங்க தங்கியிருக்காங்க. பாத்ரூம்ல சிவப்பா எதையாவது ஊத்தினா கொலை நடந்துடுச்சுன்னு ஓடிடுவாங்க. கடைக்கோடி ஜனங்க எப்படி இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். சுத்தமான இடத்துல எதுக்கு நேரத்தை வீணாக்கிட்டு?" கிளம்பப்போனவர் நின்றார். "அப்புறம், கடை ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுல்ல? புதுப்பிச்சிடலாம். உங்களை விட்டா வேற யாருக்குக் குடுக்கப்போறேன்?"

கதவு மூடிக்கொண்டது. தொப்பிக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"கடைக்கோடி வீட்டுக்காரி இங்கதான் உட்கார்ந்திருக்கேன்னு அந்த மனுஷனுக்குத் தெரியலை. தொப்பி மாட்டிட்டா எல்லாரும் ஒரே ஜாதிதான் போல."

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க..."

"நான் எதுக்கு எடுத்துக்கறேன்? என் வீட்டுல போடு. ரெண்டு பொட்டலமாவே போடு. கழிவுத் தொட்டி ஒழுகினா ஒழுகுதுன்னு சொல்லு, கடனை உடனை வாங்கியாவது சரி பண்ணிக்கறேன். ஆனா எங்க வீட்டுல மட்டும் போட்டுட்டு, ஏரியைக் கெடுத்தது இவங்கதான்னு கை காட்டினே, இந்தத் தலையோடவே வந்து உன் கடை வாசல்ல உட்கார்ந்துடுவேன். அப்புறம் எவ வர்றா உன்கிட்ட முடி வெட்டிக்க, பார்க்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒப்பந்தம் நினைவுக்கு வந்ததும் அது நின்றுவிட்டது.

சாயங்காலம் வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் பேருந்து ஓட்டுகிறவன். வளைவு வருவதற்கு வெகு முன்பே பிரேக்கில் கால் வைக்கிற சுபாவம்.

"சும்மா இரேன். அந்தக் கடைக்காக நீ பட்ட பாடு உனக்கு மறந்துபோச்சா? ஒவ்வொரு நாற்காலியா வாங்கிப் போட்டே. இன்னைக்கு ஏரி ரோட்டுக் கடைன்னா உன் பேருதான். அவரு வேண்டாம்னா விட்டுடு. அவரு கட்டடம், அவரு குழாய், அவரு இஷ்டம்."

"அவரு குழாய்..." என்று அவள் இழுத்தாள்.

போன மழைக்காலத்தில் கடைக் கழிவறை அடைத்துக்கொண்டது. அப்போது வந்த குழாய் வேலைக்காரர் கடைக்குப் பின்னால் தேடவில்லை. நேராக விடுதியின் கொல்லைக்குப் போய் ஒரு மூடியைத் திறந்தார். கடையிலிருந்து போவதும் விடுதியிலிருந்து போவதும் அங்கேதான் ஒன்று சேர்ந்தன.

"கடைக் கழிவறை என்னோடதுதானே? வாடகை குடுக்கறேன்ல? அதுல நான் எதை ஊத்தினா யாரு கேட்க முடியும்?"

கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். "போச்சு. இந்த மூஞ்சி எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு உங்கப்பா சம்மதிக்கலைன்னப்போ இதே மூஞ்சியோடதான் நின்னே."

மறுநாள் காலை சங்கத்தார் கரையில் கூடினார்கள். பேக்கரிக்காரர் படகோடும் ஒரு கூடை ரொட்டியோடும் வந்திருந்தார். நர்ஸ் புதுக் கறுப்புத் தலையோடு வந்து நின்றாள். அவள் கணவனும் வந்து கூட்டத்தின் பின்னால் நின்றான். தலைவர் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று இருந்தார். "கடைக்கோடி வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்று அவர் தொடங்கும்போதே அவள் குறுக்கிட்டாள்.

"முதல்ல என் கடையில போடறேன் சார். செயலாளரே போட்டுட்டா மத்தவங்க முகம் சுளிக்க மாட்டாங்க."

தலைவரின் புன்னகை பாதி வழியில் நின்றது. "உன் கடையில எதுக்கும்மா? அது ரோட்டுப் பக்கம்ல இருக்கு?"

"ரோட்டுப் பக்கம் இருந்தா தண்ணி ஆவியாவா போகுது?" என்று பேக்கரிக்காரர் வெகுளியாகக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டும். தலைவர் நகர்ந்து வழிவிட்டார்.

அவள் கடைக்குள் போய்ப் பொடியைக் கொட்டி நீர் விட்டாள். தண்ணீர் ரத்தமாக மாறிச் சுழன்று இறங்கியது. குழாய்களையெல்லாம் திறந்துவிட்டுக் கரைக்குத் திரும்பினாள். ஏரி அசையாமல் கிடந்தது. பச்சைப் பாசிக்குள் வானம் எங்கோ தொலைந்துபோயிருந்தது. தனக்கு வலி எங்கே என்று சொல்லத் தெரியாத நோயாளியைப்போல இருந்தது அந்தத் தண்ணீர். எல்லாரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ரொட்டிக் கூடை பாதி காலியாவதற்குள், ஏரியைச் சுற்றிவந்த பேக்கரிக்காரர் படகிலிருந்து கத்தினார்.

"வந்துடுச்சு! இங்க, விடுதிப் படகுத்துறைக்கு அடியில!"

பலகைகளுக்குக் கீழே ஒரு சிவப்பு இழை நெளிந்தது. பிறகு அது விரிந்தது. விடுதிக்காரர்கள் காப்பி குடித்தபடி சூரியோதயம் பார்க்கிற துறையைச் சுற்றித் தண்ணீர் முழுக்கச் சிவந்துபோனது.

"தொட்டியிலிருந்து கசிஞ்சு வர்றதுன்னா நாள்கணக்கா ஆகும்" என்றாள் நர்ஸ். "இது நேராக் குழாய் போட்டு விட்டிருக்கு."

தலைவர் செயலாளரை ஓரமாக அழைத்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இங்க பாரும்மா. நீ பொய் சொல்ல வேண்டாம். பேசாம இரு, அது போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன். கடை உனக்குத்தான், உன் காலம் முழுக்க."

பதிலுக்குக் காத்திராமல் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பயப்படாதீங்க. நம்ம செயலாளர் பொடி போடப் போனப்போ, கடையில தலைக்குப் பூசற சிவப்புச் சாயம் வாளியோட கொட்டிடுச்சாம். மழைத்தண்ணி வாய்க்கால் வழியா வந்திருக்கு. பொடி வேலையைக் கடைக்கோடியிலிருந்து புதுசா ஆரம்பிப்போம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சிலர் தலையைக்கூட ஆட்டினார்கள். எல்லார் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும். கண்ணாடிகளும் நாற்காலிகளும் அவள் பெயரும் இருந்த இடத்தில் இருக்கும். நர்ஸ் மட்டும் அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவும் தான் எதிர்பார்த்ததுதான் என்பதுபோல.

அந்தப் பார்வைதான் அவளைச் சுட்டது.

"அது தலைச்சாயம் இல்லை" என்றாள். இன்னும் உரக்கச் சொன்னாள். "நம்ம சங்கத்துப் பொடி. என் கையால போட்டேன். என் கடைக் குழாயும் விடுதிக் குழாயும் ஒண்ணு. அது நேரா ஏரியிலதான் விழுது. இத்தனை நாளா என் கடைச் சாயம், ஷாம்பூ எல்லாமே இதுல போயிருக்கு. நானும்தான் கெடுத்திருக்கேன். எங்க போகுதுன்னு ஒரு நாளும் நான் கேட்கலை."

"அப்போ கடையைக் காலி பண்ணிடு" என்றார் தலைவர். இப்போது குரலில் கோபம் வந்திருந்தது.

"பண்ணிடறேன் சார். நான் போனாலும் குழாய் இங்கதானே இருக்கும்? நகராட்சிக்கு இன்னைக்கே எழுதறேன். செயலாளர்னு கையெழுத்துப் போட்டு."

கூட்டத்தின் பின்னாலிருந்து அவள் கணவன் முன்னே வந்தான். பிரேக்கில் கால் வைக்கிற மனிதன் கை கட்டிக்கொண்டு தலைவர் எதிரில் நின்றான். "சாவியை எப்போ தரணும் சார்? கண்ணாடியெல்லாம் நான் கழட்டிக்கறேன். அவளுக்கு இங்க வேலை இருக்கு."

தலைவர் விடுதிப் பக்கம் நடந்தார். அவரோடு சிலரும் போனார்கள். அவர்களில் அவளுடைய வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். வலித்தது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

நர்ஸ் வந்து கையை நீட்டினாள். "குடு பொடியை. அடுத்தது என் வீடு."

"எங்க வீட்டுலயும் சிவப்பு வந்துட்டா?" என்று பேக்கரிக்காரர் படகிலிருந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஊரே சிரிக்குமே."

"வந்தா சரி பண்ணுவோம். எல்லாருமா சேர்ந்தே பண்ணுவோம்" என்றாள் அவள். பொட்டலத்தைப் பிரித்த விரல்களெல்லாம் சிவப்பாக இருந்தன. "குழாய் ஒழுகறது அவமானம் இல்லைண்ணே. ஒழுகறது தெரிஞ்சும் அடுத்தவன் வீட்டைக் கை காட்டறதுதான் அவமானம். ஏரியைக் காப்பாத்தணும்னா மொதல்ல அவங்கவங்க வீட்டுக் குழாய் எங்க போகுதுன்னு பார்க்கணும். பெரிய வீடு, சின்ன வீடுன்னு ஒண்ணையும் விடப்போறதில்லை."